மாமனார் தேர்ந்தெடுத்த அடுப்பு

புது வீட்டில் ஜன்னலுக்குத் திரை மாட்டும் முன்பே சுவருக்குத் தீயணைப்பு உருளை மாட்டியாகிவிட்டது. சமையலறையில் ஒன்று, மாடிப்படிக்குக் கீழே ஒன்று. மாட்டியவர் மாமனார். வேலை பார்த்த காலம் முழுவதையும் தீயணைப்பு நிலையத்தில் கழித்தவர். ஓய்வு பெற்று, மனைவியும் போன பிறகு தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மகளும் மாப்பிள்ளையும் மாடிக் குடியிருப்பை விட்டு, பின்பக்கம் தோட்டம் உள்ள வீட்டுக்குக் குடிபெயர்ந்தபோது, "கீழ ஒரு ரூம் சும்மாத்தான் கிடக்குப்பா, வந்துடுங்க" என்று மகள் கூப்பிட்டாள். ஒரு துணிப்பெட்டி, இரண்டு சிவப்பு உருளைகள் சகிதம் வந்து இறங்கினார்.

மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். அதிர்ந்து பேசத் தெரியாதவன். அவனுக்கும் மாமனாருக்கும் சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. சண்டை போடும் அளவுக்குப் பேசிக்கொண்டதே இல்லை என்பதுதான் உண்மை. அவன் கூடத்துக்குள் நுழைந்தால் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். "உக்காருங்க மாமா" என்று அவன் பதறுவான். "நீங்க உக்காருங்க மாப்பிள்ளை" என்பார் அவர். யார் முதலில் உட்காருவது என்று தீராமல் இருவரும் நின்றுகொண்டே பேசுவார்கள். நின்றுகொண்டு எவ்வளவு நேரம்தான் பேச முடியும்? கடை எப்படி, கால்வலி எப்படி என்பதோடு கதை முடிந்துவிடும்.

கிரில் அடுப்பு வேண்டும் என்று கிளப்பியவள் மகள். அவள் நீச்சல் பயிற்சியாளர். குளத்தை விட்டு வெளியே வரும்போது ஆளையே விழுங்கும் பசியோடு வருவாள். தோட்டத்தில் நின்றுகொண்டு, தீயில் வாட்டியதைச் சுடச்சுடத் தின்ன வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை. மாடி வீட்டில் இருந்தவரை ஆசையைப் பூட்டி வைத்திருந்தாள்.

"நல்லதா, நாள்பட உழைக்கிறதா ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்றாள் கணவனிடம். "எனக்குச் சனிக்கிழமை முழுக்க வகுப்பு. அப்பாவைக் கூட்டிட்டுப் போங்க."

"மாமாவையா? நெருப்புன்னாலே அவருக்குப் பிடிக்காதே."

"அதனாலதான். அவர் சரின்னு சொன்ன அடுப்பைத்தான் அவர் இருக்கிற வீட்டுல பத்த வைக்க முடியும். இல்லைன்னா ஒவ்வொரு தடவையும் பின்னாடியே வாளியோட நிப்பாரு."

மாமனாரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது. "தோட்டத்துல நெருப்பா?" என்றார். அப்புறம் மகளைப் பார்த்தார். அவள் வேண்டுமென்றே ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டு பாவமாக நின்றாள். சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கடை பெரியது. பின்கட்டு முழுவதும் அடுப்புகள்தான். பளபளக்கும் கறுப்பு, சிவப்பு, வெள்ளி நிறங்களில் அவை அணிவகுத்து நிற்க, நடுவில் ஒரு விற்பனைப் பெண். சுறுசுறுப்பான பெண். மாமனாரை அறியாததால் உற்சாகமாக வரவேற்றாள்.

"கேஸா கரியா சார்?"

மாமனார் நேராக முதல் அடுப்பின் அருகே போய் ஒரு கையால் அதைத் தள்ளினார். அது ஆடியது. "இது சாஞ்சா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"சாயாது சார்."

"நான் ஒரு கையால தள்ளினதுக்கே ஆடுது. ஒரு நாய் வந்து உரசினா?"

"நம்ம வீட்டுல நாய் இல்லை மாமா" என்றான் மாப்பிள்ளை.

"பக்கத்து வீட்டு நாய்க்கு அது தெரியாதே மாப்பிள்ளை."

அடுத்ததில் கேஸ் குழாயைப் பிடித்து வளைத்துப் பார்த்தார். வெயிலில் கிடந்தால் இது வெடித்துப்போகும், தீயணைப்பில் இருந்தவன் சொல்கிறேன் என்றார். அதற்கடுத்ததின் மூடியைத் தூக்கி, பிடியை விட்டார். அது தடாலென்று விழுந்தது. "விரல் இருந்திருந்தா?" என்றார். நாலாவதன் சக்கரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார். சொல்லவே தகுதி இல்லாத சக்கரம் போலிருக்கிறது.

விற்பனைப் பெண்ணின் உற்சாகம் வடிந்துகொண்டே வந்தது. மாப்பிள்ளைக்கோ முதலில் கூச்சமாக இருந்தது. போகப்போக வேடிக்கையாக இருந்தது. தானும் மூக்குக்கண்ணாடிச் சட்டத்தை இப்படித்தான் பார்ப்பதாக நினைத்துக்கொண்டான். எந்தத் திருகு முதலில் கழலும், எந்த மூட்டு முதலில் உடையும் என்று. பெயின்ட் உரிந்தால் அதன் அடியில் துரு எவ்வளவு சீக்கிரம் பிடிக்கும் என்று அவனும் ஒரு கேள்வி கேட்டான். மாமனார் திரும்பி அவனைப் பார்த்தார். "நல்ல கேள்வி" என்றார்.

அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் மூடியைத் திறந்தால் இன்னொருவர் கீலைப் பார்த்தார். ஒருவர் தட்டிப் பார்த்தால் இன்னொருவர் காது வைத்துக் கேட்டார். தகரம் மெலிதாக இருந்தால் சத்தம் கலகலவென்று வரும். கெட்டியாக இருந்தால் மந்தமாக வரும். அந்தப் பெண் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

கடைசியில் மூலையில் நின்றிருந்த ஒரு கரி அடுப்பின் முன் இருவரும் நின்றார்கள். அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. கனத்த இரும்பு உடம்பு, அகலமான நாலு கால், தானாக விழாமல் நின்ற இடத்தில் நிற்கும் மூடி, சாம்பலை இழுத்துக் கொட்ட அடியில் ஒரு தட்டு. மேலே வாட்டுவதற்குப் பட்டை பட்டையாக வார்ப்பிரும்புத் தட்டு. மாமனார் இரண்டு கையாலும் தள்ளினார். அது அசையவில்லை. பிறகு மாப்பிள்ளையும் சேர்ந்து தள்ளினான். அப்போதும் மனமிரங்கவில்லை.

"இது" என்றார் மாமனார்.

"இதேதான் மாமா" என்றான் மாப்பிள்ளை.

"அப்பாடா" என்றாள் விற்பனைப் பெண், வாய்விட்டே.

தள்ளியும் அசையாத பொருளை வீட்டுக்குக் கொண்டுவருவது எப்படி என்பதை இருவருமே யோசித்திருக்கவில்லை. கடை வண்டி வாசல்வரைதான் வரும் என்றார்கள். வாசலிலிருந்து தோட்டத்துக்குப் போகிற பக்கவழிக் கதவைவிட அடுப்பு அகலம். கதவைக் கழற்றி, அடுப்பின் காலையும் கழற்றி அதைப் படுக்கவைத்து, மாமனார் முன்னால், மாப்பிள்ளை பின்னால் என்று தூக்கினார்கள். "நிதானம், நிதானம்" என்று மாமனார் சொல்லிக்கொண்டே வந்தார். நடுவழியில் மூச்சு வாங்க இருவரும் அடுப்பின் மேலேயே உட்கார்ந்தார்கள். யார் முதலில் உட்கார்ந்தார்கள் என்று இருவருக்கும் தெரியாது.

அடுப்பை முதன்முதலாகப் பற்றவைக்கும் நாள் ஞாயிற்றுக்கிழமை. மாமனார் சுற்றுவட்டாரத்தை ஆராய்ந்து, வேலியிலிருந்தும் செடிகளிலிருந்தும் தள்ளி ஓர் இடம் குறித்துக் கொடுத்தார். ஒரு பக்கம் மணல் வாளி, இன்னொரு பக்கம் தண்ணீர் வாளி. நடுவில் மாப்பிள்ளை, கையில் நீண்ட இடுக்கியோடு. மகள் மசாலாவில் ஊறிய கோழித் துண்டுகளையும் மக்காச்சோளக் கதிர்களையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, தட்டெடுக்க உள்ளே போனாள்.

கரி நன்றாகச் சிவந்து கனிந்தது. தட்டு காய்ந்தது. கோழியை வைத்ததும் சுர்ரென்று ஒரு சத்தம், கூடவே தெருவுக்கே வாயூறும் வாசனை. "பரவாயில்லையே" என்று மாமனாரே ஒரு அடி முன்னால் வந்தார். மாப்பிள்ளை குனிந்து ஒரு துண்டைத் திருப்பினான். அந்த நேரம் பார்த்துக் கோழியின் கொழுப்பு உருகிக் கரியில் சொட்டியது. குபீரென்று தீ எழுந்து அவன் சட்டைக் கை வரைக்கும் வந்தது.

"டேய்! தள்ளுடா!"

யார் கத்தினார்கள் என்று அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு கை அவன் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தது. அடுத்த கணம் ஒரு வாளித் தண்ணீர் முழுவதும் அடுப்பில் விழுந்தது. சாம்பலும் புகையும் ஆவியுமாகத் தோட்டமே மறைந்தது. அதற்குள்ளிருந்து 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டது.

புகை விலகியபோது இருவரும் தலையிலிருந்து கால்வரை சாம்பல் பூசி நின்றார்கள். கோழி கறுப்புக் குளத்தில் மிதந்தது. வார்ப்பிரும்புத் தட்டு நடுவில் கோடு கிழித்தாற்போல இரண்டாகப் பிளந்திருந்தது.

மகள் தட்டுகளோடு பின்வாசல் படியில் நின்றாள். அப்பாவைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள், கோழியைப் பார்த்தாள். பிறகு தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு, படியிலேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மாமனார் சிரிக்கவில்லை. வெறும் வாளியைப் பிடித்துக்கொண்டே நின்றார். "கொழுப்புல பிடிச்ச நெருப்புக்குத் தண்ணி ஊத்தக் கூடாது" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. "மூடியை மூடணும். இல்ல மணல் போடணும். எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கேன் நான்."

"ஒண்ணும் ஆகலையே மாமா."

"மாப்பிள்ளை, மன்னிச்சுக்கங்க. உங்களைப் போய் அந்த மாதிரி... மரியாதை இல்லாம..." சொல்லி முடிக்காமல் உள்ளே போய்விட்டார்.

தட்டை உடைத்ததைவிட 'டேய்' என்று சொன்னதுதான் அவரை வாட்டுகிறது என்று மாப்பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்தது. அவனுக்கோ வேறு மாதிரி இருந்தது. கடையில் அவன் 'சார்'. வீட்டில் 'ஏங்க'. மாமனாரிடம் 'மாப்பிள்ளை'. அவனை 'டேய்' என்று கூப்பிட்ட கடைசி ஆள் அவனுடைய அப்பா. அவர் போய் வெகுகாலம் ஆகிறது. தோட்டத்துக் குழாயில் முகம் கழுவும்போது கண் எரிந்தது. சாம்பல்தான் என்று சொல்லிக்கொண்டான்.

அன்று எல்லோரும் முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டார்கள். மாமனார் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

மறுநாள் உடைந்த தட்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மாப்பிள்ளை கிளம்பினான். மாமனாரும் வற்புறுத்திக் கூட வந்தார். விற்பனைப் பெண் இருவரும் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு ஸ்டூலைத் தேடினாள்.

"இது மட்டும் தனியா கிடைக்குமா?" என்று மாப்பிள்ளை சாக்கைப் பிரித்தான்.

"ஐயையோ! எப்படி சார் உடைஞ்சுது? இவ்வளவு கனமான தட்டாச்சே!"

"மழை" என்றான் மாப்பிள்ளை. "சூடா இருக்கும்போது திடீர்னு மழை பிடிச்சுக்கிச்சு."

"நேத்து மழையே இல்லையே சார்?"

"எங்க பக்கம் பெஞ்சுது."

"நீங்க எந்தப் பக்கம்?"

மாப்பிள்ளை சாக்கை மறுபடி சுற்றத் தொடங்கினான். மாமனார் அவனை விலக்கிவிட்டு முன்னால் வந்தார்.

"மழை எல்லாம் இல்லம்மா. நான்தான் ஒரு வாளித் தண்ணியை ஊத்தினேன்."

"நீங்களா? தீயணைப்புல இருந்தேன்னு அன்னைக்கு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"இருந்தேன். எத்தனையோ வீட்டுல நெருப்புக்குள்ள போயிருக்கேன். உள்ள நின்னவங்க எல்லாம் வேற யாரோ. அதனால புத்தி வேலை செஞ்சுது. நேத்து நெருப்புக்குப் பக்கத்துல நின்னது எங்க வீட்டுப் பையன். படிச்ச பாடம் ஒண்ணுமே ஞாபகத்துக்கு வரலை. கை தானா வாளியைத் தூக்கிடுச்சு."

சொல்லிக்கொண்டே, பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் தோளில் கையைப் போட்டார். போட்ட பிறகு எடுக்க மறந்துவிட்டார். மாப்பிள்ளை உடைந்த தட்டை ஆராய்வதுபோல வெகுநேரம் குனிந்தே நின்றான்.

விற்பனைப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு கம்பித் தட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். எவர்சில்வர். விரல் தடிமன் கம்பி.

"வார்ப்பிரும்பு சூட்டை நல்லா பிடிச்சு வைக்கும், ஆனா சூட்டுல பச்சைத் தண்ணி பட்டா தாங்காது. உங்க வீட்டுக்கு இதுதான் சரிப்படும். துருவும் லேசுல பிடிக்காது, தண்ணி ஊத்தினாலும் உடையாது" என்றாள். "ஆனா கோழி வேகாது சார். அதை நீங்கதான் பாத்துக்கணும்."

மாமனார் முதல்முறையாக அந்தக் கடையில் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் தட்டைத் திருப்பி, கம்பிகளைப் பற்றவைத்த இடங்களை ஒவ்வொன்றாக நகத்தால் சுரண்டிப் பார்த்தார். மாப்பிள்ளை மறுமுனையிலிருந்து ஆரம்பித்தான். அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் குளத்திலிருந்து வரும்போது அடுப்பு கனிந்து தயாராக இருந்தது. இந்த முறை மாப்பிள்ளையின் பக்கத்தில் மாமனாரும் நின்றார், கையில் ஓர் இடுக்கியோடு. தீ எழும்பினால் துண்டுகளை ஓரமாக ஒதுக்கினார். அடங்காவிட்டால் மூடியை மூடினார். பதற்றமே இல்லை. சோளத்தை எப்போது திருப்புவது என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு வந்தது.

"இப்பத் திருப்பினா ஒரு பக்கம் பச்சையாவே இருக்கும்" என்றார் அவர்.

"இதுக்கு மேல விட்டா கரிஞ்சுடும் மாமா. போன தடவை குளிப்பாட்டினீங்க, இந்தத் தடவை கரியாக்குறீங்க."

"வாய் நீளுது உனக்கு. இந்தா, நீயே திருப்பு."

மகள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வீட்டுக்குள் போகக்கூடப் பொறுமை இல்லாமல், நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தாள். கோழி ஓரங்களில் கொஞ்சம் தீய்ந்துதான் இருந்தது. சோளம் ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் கறுப்பு. அவள் அதையெல்லாம் கவனித்ததாகத் தெரியவில்லை. உதட்டோரம் எண்ணெய் வழிய அடுத்த கதிருக்குக் கை நீட்டினாள்.

"வாரா வாரம் இப்படிச் செய்யலாமாப்பா?" என்றாள்.

"வாரா வாரமா? நெருப்போட விளையாடக் கூடாதும்மா" என்றார் மாமனார். கரியைக் கிளறிவிட்டுச் சற்று யோசித்தார். "ஞாயித்துக்கிழமை மட்டும் போதும்."

ஒரு துண்டை எடுத்து ஊதி வாயில் போட்டுக்கொண்டார். மென்று விழுங்கிவிட்டு, மாப்பிள்ளை பக்கம் சாய்ந்து, மகளுக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"புதன்கிழமை கடையைக் கொஞ்சம் சீக்கிரம் மூட முடியுமா உனக்கு?"