ஞாயிற்றுக்கிழமை நோன்பு

"ஞாயித்துக்கிழமையில என்னடி தவம்? ஆண்டவரே இன்னைக்கி நோன்பு கேக்கல்ல!" என்று பக்கத்து வீட்டு அக்கா யோசப்பின் தன் மகளிடம் போட்ட சத்தத்தில், இராஜேஸ்வரியின் கையிலிருந்த பாண் துண்டு சம்பலுக்குப் போகாமல் பாதி வழியில் நின்றது... ஜன்னலைச் சாத்தலாம்தான், சாத்தினால் பாதிதானே கேட்கும், அதுவும் தானே மூட்டிவிட்ட சண்டை... மூட்டிவிட்டாளா? பாராட்டித்தானே சொன்னாள்? தவக்காலம் தொடங்கியதிலிருந்து தன் மகள் நடாஷா பகலில் பச்சைத்தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று அக்கா அம்பிட்டிய ஊர் முழுக்கப் பெருமை பேசித் திரிந்தாள், அதனால்தான் இவளும் காலையில் வேலியருகே, "போன ஞாயிறு நீங்க கோயில்ல நின்ன நேரங்கூட ஒங்க மக ஒண்ணும் தொடல்லயேக்கா, என்னா பக்தி!" என்றாள், ஞாயிறு அவர்களுக்கு நோன்பில்லை என்பது வெள்ளிக்கிழமை விரதக்காரிக்கு எப்படித் தெரியும்?

"பூசை முடிஞ்சிருச்சு, பிரேக்பாஸ்ட்ட சாப்புடு!"

"மம்மி, பாஸ்ட்டுன்னா நோன்பு, பிரேக்குன்னா முறிக்கிறது. அந்தச் சொல்லே நோன்பு தொறக்கிறதுதான். காலையில தொறந்தா என்ன, மஃரிபுக்குத் தொறந்தா என்ன?"

மஃரிபு... அந்தித் தொழுகைக்கு முஸ்லிம்கள் சொல்லும் சொல்லல்லவா, இந்த வருஷம் றமழானும் தவக்காலமும் ஒரே வாரத்தில் தொடங்கியது இராஜேஸ்வரிக்கே இப்போதுதான் உறைத்தது. அங்கே பீங்கான் தட்டு ஒன்று மேசையில் டக்கென்று வைக்கப்பட்டது. பிறகு, "யாருடி அவன்?" "ஸிபான். அக்குறணையில வீடு."

எவ்வளவு பெரிய சங்கதி, இரண்டு மாத வம்புக்குத் தாங்கும், ஆனால் இராஜேஸ்வரியின் மனம், வெட்கக்கேடு, பிரேக்பாஸ்ட் என்ற சொல்லிலேயே நின்றுவிட்டது... முப்பது வருஷம் மாநகர சபைக் கந்தோரில் "பிரேக்பாஸ்ட் ஆச்சா?" என்று எல்லோரையும் கேட்டவள், அதற்குள் ஒரு விரதம் உட்கார்ந்திருக்கிறதென்று ஒருவரும் சொல்லவில்லையே! அப்படியானால் கொத்துரொட்டியை ஒரு பிடி பிடித்துவிட்டுக் குறட்டை விடுகிறவனும் விரதத்தில்தானா, கண்டி முழுக்க, பன்சலையில் புத்தரைக் கும்பிடப் போகிறவனும் பள்ளிவாசலுக்குப் போகிறவனும் இவளும் அக்காவும், தெரியாமலே ஒன்றாகப் பட்டினி கிடந்து, விடிந்ததும் ஒன்றாக முறிக்கிறார்களா... பாண் துண்டு பிரசாதம்போல் கையில் கனத்தது, வாயில் வைக்கப் பயமாக இருந்தது.

பெரஹரா ஊர்வலம் முடிந்த கையோடு நடாஷா ஸிபானைக் கட்டிக்கொண்டு அக்குறணைக்குப் போய்விட்டாள், யோசப்பின் அக்கா வாசல்வரைகூட வரவில்லை. இப்போதும் ஞாயிறு பூசை முடிந்து வந்து மேசையில் இரண்டு பீங்கான் வைக்கிறாள், பத்தாகிறது, பதினொன்றாகிறது, தொடுவதில்லை. ஜன்னலில் நிற்கும் இராஜேஸ்வரிக்கு ஒரே குடைச்சல்... இது எந்த நோன்பு, இதை முறிக்க வேண்டியவள் அக்குறணையிலா இருக்கிறாள், இல்லை, வேலிக்கு இந்தப் பக்கம், பாணைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாளா...