நாலு மணி மழை

அந்தப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர் அறையில் மட்டும், விடுமுறை நாட்கள் நீங்கலாக, தினமும் மாலை நாலு மணிக்கு மழை பெய்தது. தூறல் இல்லை, மழையேதான். கால் மணி நேரம் கொட்டி, பன்னிரண்டு வாளியை நிரப்பிவிட்டு நின்றுவிடும். பக்கத்து அறையில் கணக்கு வாத்தியார் சாக்பீஸ் தூள் பறக்கப் பாடம் நடத்திக்கொண்டிருப்பார். முதல் மாதம் எல்லோரும் வாசலில் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அடுத்த மாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பெரிய குடை ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். நாலு வருடத்தில் அது பழகிப்போய், சுவர்க் கடிகாரம் நின்றுவிட்ட நாட்களில் மழையைப் பார்த்துத்தான் கடைசி மணி அடித்தார்கள்.

தலைமையாசிரியருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் பளிச் சார். அவர் உட்காரும் முன் நாற்காலியைத் துடைப்பார், எழுந்த பிறகும் துடைப்பார். மாணவிகளுக்கென்று அவர் கட்டவைத்த கழிப்பறைதான் அவருடைய வாழ்நாள் பெருமை. ஐந்து வருடம் மனு மேல் மனு போட்டு, அலுவலகம் அலுவலகமாகச் செருப்புத் தேய நடந்து வாங்கியது. பின்பக்கத்துப் புதர்களையெல்லாம் வெட்டிச் சுத்தம் செய்து, வெள்ளை டைல்ஸ், உள்தாழ்ப்பாள், மூடி போட்ட கூடை என்று ஒரு குறையும் இல்லாமல் கட்டினார்கள். பெரிய அதிகாரி வந்து ரிப்பன் வெட்டினார். அன்று சாயங்காலம் பளிச் சார் உள்ளே எட்டிப் பார்த்தபோது அது கண்ணைப் பறித்தது. முந்நூறு பெண்கள் புழங்கினால் என்ன கதியாகும் என்று நினைத்தார். பூட்டிச் சாவியை மேஜை டிராயரில் போட்டார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை; புதுப் பாத்திரத்தைப் பரணில் ஏற்றிவைக்கிற அதே புத்திதான். வருடத்துக்கு ஒரு நாள் ஆய்வுக்கு ஆள் வரும்போது திறந்து காட்டுவார். நேற்றுக் கட்டினது மாதிரி இருக்கிறதே என்று அவர்கள் வாயைப் பிளப்பார்கள். இவருக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

பையன்களுக்குச் சுற்றுச்சுவர் இருந்தது. பெண்களுக்கு இருந்த புதரும் போய்விட்டது. ரிப்பன் வெட்டிய மறுநாள் மழை தொடங்கியது. இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. கொத்தனார் மாடியில் ஏறிப் பார்த்தார். காக்கை குளித்துவிட்டுப் போன ஈரம்கூட அங்கே இல்லை. அரை நாள் பள்ளி என்றால் ஆறு வாளிதான் பெய்தது. பத்தாம் வகுப்புப் பெண்கள் சுற்றுலா போன அன்று ஒன்பது வாளி. எல்லாம் ஆயாம்மாவுக்குத் தெரியும், வாளியைத் தூக்கிக் கொட்டுவது அவர்தானே. இரண்டு குடிதண்ணீர் டிரம்மை நிரப்புவதும் அவர்தான். பையன்களின் டிரம் மத்தியானத்துக்குள் காலி. பெண்களின் டிரம் திங்கட்கிழமை நிரப்பினால் சனிக்கிழமை வரை தளும்பும். முதல் வருடமே இதைப் பளிச் சாரிடம் சொன்னார். அவர் மறுநாள் காலைக் கூட்டத்தில், தண்ணீர்ச் சிக்கனத்தை நம் மாணவிகளைப் பார்த்துப் பையன்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அரை மணி நேரம் பேசிக் கைதட்டச் சொன்னார். உதடு வெடித்த முந்நூறு பெண்களும் சேர்ந்து கைதட்டினார்கள்.

பளிச் சாரின் ஒரே மகள் அங்கேதான் ஒன்பதாம் வகுப்பு படித்தாள். வகுப்பில் முதல் ஆள், வாயிலும் முதல் ஆள். அந்த வருடம் அவளுக்கு மூன்றாவது முறையாகக் குளிர் காய்ச்சல் வந்தது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். "படிச்சுக் கிழிச்சது போதும். உடம்பு இருந்தாத்தானே மத்ததெல்லாம்" என்றாள் அம்மா. மகள் மூன்று நாள் அழுதாள். பளிச் சாருக்கும் வேறு வழி தோன்றவில்லை. மகளின் பெயரை எடுத்துவிட அவரே டி.சி. எழுத உட்கார்ந்தார். மணி நாலு. குடைக்குள்தான் எழுதினார், ஆனாலும் மகள் பெயரை எழுத எழுத மை கரைந்து ஓடியது. மூன்று படிவம் வீணானது. நாளைக்குக் காலையில் எழுதிக்கொள்ளலாம் என்று எழுந்து, மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

லேடி டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "தினம் எவ்வளவு தண்ணி குடிப்பேம்மா?" என்று கேட்டார்.

"லீவு நாள்ல நிறைய குடிப்பேன். ஸ்கூல் நாள்ல குடிக்க மாட்டேன்."

"ஏன்?"

"குடிச்சா போகணும்ல? சாவி அப்பாகிட்ட இருக்கு."

டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "எந்தச் சாவி சார்?" என்றார். சிறுநீர்த் தொற்று, இப்படியே விட்டால் சிறுநீரகத்தில் போய் முடியும் என்று டாக்டர் விளக்கியதெல்லாம் பளிச் சார் காதில் பாதிதான் விழுந்தது. முந்நூறு பெண்கள் குடிக்காமல் விட்ட தண்ணீர்தான் நாலு வருடமாகத் தன் தலையில் விழுந்துகொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கத்தில், வீடு வரும்வரை மகளின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

மகள் தேறி எழுந்த அன்று இருவரும் சேர்ந்தே பள்ளிக்குப் போனார்கள். பூட்டு துருப்பிடித்திருந்தது, எண்ணெய் விட்டு அவரே திறந்தார். காலைக் கூட்டத்தில், "கதவு திறந்திருக்கு. இனிமே பூட்ட மாட்டேன். தண்ணி குடிங்கம்மா" என்று மட்டும் சொன்னார். ஒருவரும் அசையவில்லை. மகள் வரிசையை விட்டு விலகி டிரம்மிடம் போனாள். ஒரு தம்ளர் மொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மடக் மடக்கென்று குடித்தாள். இன்னொன்றும் குடித்தாள். அப்புறம் தள்ளுமுள்ளுதான். ஆயாம்மா திட்டிக்கொண்டே, சிரித்துக்கொண்டே மூன்று முறை டிரம்மை நிரப்பினார். மாதத்தில் நாலு நாள் காணாமல் போகிற பெண்கள் அதன் பிறகு காணாமல் போகவில்லை. டைல்ஸ் அழுக்கானது, கழுவினால் போகிற அழுக்குதான்.

மழை நின்றது, ஆனால் முழுதாக நிற்கவில்லை. நாலு மணிக்குச் சரியாக ஒரே ஒரு தம்ளர் தண்ணீர் மேஜையின் இடது மூலையில் விழுந்துகொண்டிருந்தது. பளிச் சார் வகுப்பு வகுப்பாகப் போய் ஒவ்வொரு பெண்ணையும் விசாரித்தார், டீச்சர்களையும் விடவில்லை. எல்லோரும் குடிக்கத்தான் செய்தார்கள். ஒரு வியாழக்கிழமை மழையே இல்லை. அன்று ஆயாம்மா லீவு. மறுநாள் கூப்பிட்டுக் கேட்டார்.

"இருபத்தாறு வருஷமா இங்க வந்தா குடிக்கறதில்ல சார். எனக்கு எங்க ஞாபகம் வருது?" என்றார் ஆயாம்மா.

மகள் மேல்படிப்புக்கு இரண்டு லிட்டர் பாட்டிலோடு வெளியூர் போனாள். பளிச் சார் ஓய்வு பெற்றார். புதிதாக வந்த தலைமையாசிரியை, ஒப்படைப்புப் பட்டியலில் பெஞ்சு, நிலப்படம், தராசு என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். கடைசி வரியில், நாலு மணி மழை, ஒரு தம்ளர், ஆயாம்மாவிடம் கேட்கவும் என்று எழுதியிருந்தது. அதற்கும் ஒரு டிக் போட்டார். அப்போது மேஜையின் இடது மூலையில் முதல் சொட்டு விழுந்தது. அவர் தலையை நிமிர்த்தாமல், வாசல் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஆயாம்மா, தண்ணி குடிச்சீங்களா?"