விதைக் கேப்பை

பர்மா அரிசி மூட்டை வருவது பாதியாகக் குறைந்துபோன வருஷம் அது. இலங்கையில், லுணுகலைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் துரை மனமிரங்கி, காப்பி பட்டுப்போய்க் கிடந்த ஒரு சரிவை ஒரே கூரை வரிசையாக இருந்த ஒரு கூலி லயத்துப் பத்து அறைக்காரர்களுக்கும் விட்டுக் கொடுத்தார். கேப்பை போட்டுப் பிழைத்துக்கொள்ளட்டும் என்றார். மனமிரங்கினார் என்பதெல்லாம் பேச்சுக்கு. அரிசி கொடுக்க வக்கில்லாதபோது கல்லும் முள்ளும் கொடுப்பது யாருக்கும் சுலபம்தான்.

லயத்துக்குப் பொறுப்பு வீரமலைக் கங்காணி. திருச்சிப் பக்கத்து ஆள். "ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சும்மாவா சொன்னாங்க" என்று ஆடியிலேயே விதைக்க வைத்தார். அவர் ஊரில் அது சரி. இந்த ஊவா மலையில் ஆடி மாதம் ஓடையே வற்றிக் கிடக்கும். குடம் குடமாகச் சுமந்து ஊற்றிப் பயிரைக் காப்பாற்றினார்கள். கதிர் முற்றியபோது ஐப்பசி கடைசி. பதுளை மலைகள் முழுக்க மழைக்குள் போயிருந்தன.

கடைசி அறைக்காரி கருப்பம்மா. புருஷன் போன வருஷத்து விஷக் காய்ச்சலில் போய்விட்டான். மிச்சம் இருந்தது ஆறு வயது வடிவு ஒருத்திதான். கேப்பையில் பத்தில் ஒரு பங்கு வந்தால் தைப் பிறப்பு வரை மகளுக்கு வயிறு நிறையக் கூழ் ஊற்றலாம். அந்தக் கணக்கில்தான் அவள் நாலு மாதமாக மண்வெட்டி பிடித்தாள். தாலியறுத்தவள் என்று அப்போது யாரும் அவளைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. மண்வெட்டிக்கு ராசி கிடையாது அல்லவா?

நனைந்த கதிரை நனைந்தபடியே அறுத்து, லயத்தின் கோடியில் இருந்த பழைய மாட்டுக் கொட்டகையில் கொட்டினார்கள். தன் ஊர் வழக்கப்படி அதைக் குவித்து, கேப்பைத் தாள் போட்டு இறுக மூடச் சொன்னார் கங்காணி. மூன்று நாள் அப்படியே கிடந்தால் உள்சூட்டில் காம்பு இளகி, அடித்ததும் மணி பொலபொலவென்று உதிரும். வெயிலில் அறுத்த கதிருக்கு அது நல்ல வழி. மூடியதும் சாணிப்பாலால் சுற்றிக் குறி போட்டார். நாலாம் நாள் அவர் கையால் திறக்கும்வரை யாரும் தொடக்கூடாது என்றார்.

கொட்டகைக்கும் கருப்பம்மாவின் அறைக்கும் நடுவில் ஒரே சுவர். மறுநாள் விடியும்போதே அந்தப் பக்கத்திலிருந்து புளித்த கள் வாடை வந்தது. சுவரில் கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனதும் நேரே கங்காணியிடம் போய் நின்றாள்.

"ஐயா, கதிரு உள்ள வேகுதுங்க. பிரிச்சுப் போட்டுரலாங்க. கீழ கிராமத்துல சிங்களச் சனம் அடுப்புக்கு மேல பரணு கட்டித்தான் குரக்கன காய வைக்குது. ஆளுக்குக் கொஞ்சமா எடுத்துக்கிட்டா..."

"குறி போட்ட அம்பாரத்தப் பத்தி ஒன்கிட்டயா கேக்கணும்?" என்றார் கங்காணி, அவளைப் பார்க்காமலேயே. "போட்டு முழுசா ஒரு நா ஆவல. ஒன் நெழலு படாமப் பாத்துக்க, அது போதும்."

நின்றவர்கள் சிரித்தார்கள். பக்கத்து அறைப் பரிமளமும் சிரித்தாள். அவளுக்கும் மூன்று பிள்ளைகள், அவளுக்கும் அதே கேப்பைதான் கதி. சிரிப்புக்கு மட்டும் பஞ்சமில்லை.

கருப்பம்மா வயிற்றுவலி என்று சொல்லி, அன்றைய கூலிப் பேரை இழந்து திரும்பி வந்தாள். எல்லோரும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது, குவியலின் அடியில் சுவர் ஓரமாகக் கைவிட்டுக் கதிரை உருவினாள். தன் பங்குக்கும் குறைவாக இரண்டு கூடைதான் எடுத்தாள். மூங்கிலைப் பிளந்து அடுப்புக்கு மேலே பரண் கட்டிப் பரப்பினாள். இரண்டு நாள் அடுப்பு அணையவில்லை. புகையில் வடிவு இருமிக்கொண்டே கிடந்தாள்.

நாலாம் நாள் கங்காணி அம்பாரத்தைத் திறந்தார். ஆவி குப்பென்று அடித்தது. கதிரெல்லாம் கறுத்துப் பூசணம் பிடித்து, நடுவில் வெள்ளை வெள்ளையாக முளைவிட்டிருந்தது. பத்து அறையின் நாலு மாதம் அங்கே நாறிக் கிடந்தது. எல்லோருடைய கண்களும் மெல்லக் கங்காணி பக்கம் திரும்ப ஆரம்பித்தன.

அப்போதுதான் பரிமளம் வாயைத் திறந்தாள். "நேத்து நெருப்பு வாங்கப் போனேன். அவ அடுப்புக்கு மேல கதிரு காயுதுங்க."

கங்காணிக்கு உயிர் வந்தது. "தாலியறுத்தவ கை பட்டா அம்பாரம் எப்புடி வெளங்கும்?" என்றார். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஆடியில் விதைக்கச் சொன்னவரை விட்டுவிட்டு, மழையை விட்டுவிட்டு, ஒன்பது அறையின் கோபமும் கடைசி அறை வாசலில் போய் நின்றது. பழி போட ஓர் ஆள் கிடைத்துவிட்டால் பசிகூடக் கொஞ்சம் அடங்கிவிடும் போலிருக்கிறது.

கருப்பம்மாவின் கதிரை அவள் வாசலிலேயே அடித்துத் தூற்றினார்கள். நல்ல சிவப்பு மணியாக மூன்று மரக்கால் வந்தது.

"இது தின்ன இல்ல. வர்ற ஆடிக்கு விதை" என்றார் கங்காணி. "இன்னும் ஈரம் இருக்கு. நீயே பத்து நாளு காய வச்சுக் குடு. அளந்துட்டேன். ஒரு பிடி கொறைஞ்சாலும் லயத்த விட்டே போயிர வேண்டியதுதான்."

"எம்புள்ளைக்குப் பங்குங்க?"

"எல்லாருக்கும் உள்ளதுதான் ஒனக்கும்" என்று அழுகின குவியலைக் காட்டினார்.

அவள் அதைத்தான் கழுவிக் கழுவிக் கூழ் காய்ச்சினாள். வடிவு இரண்டு வாய் குடித்துவிட்டு வாந்தி எடுத்தாள். அடுப்புக்கு மேலே சிவப்பாகக் காய்ந்துகொண்டிருந்ததைக் காட்டி, "அத ஆக்கும்மா" என்றாள். அப்புறம் பலகையைப் போட்டு ஏறி, பரண்மேல் இருந்த முறத்துக்குள் கையை விட்டாள். கருப்பம்மா மகளை அறைந்தாள். பிள்ளை கீழே விழுந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் அம்மாவையே பார்த்துக்கொண்டு கிடந்தது. அந்தப் பார்வையைத் தாங்க எந்தத் தாயாலும் முடியாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு, அவள் அடுப்பில் மண் ஓடு ஒன்றை வைத்தாள். விதைக் கேப்பையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, இளஞ்சூட்டில், நிறம் மாறாமல், பொரியாமல், கையாலேயே தடவித் தடவி வறுத்தாள். விரல் கொப்பளித்தது. வெளியே மழை கொட்டியதால் வாசனை எங்கும் போகவில்லை. ஒரு பிடியை ஈரத்துணியில் முடிந்து வைத்தாள். அழுகின கேப்பைகூட முளைவிட்ட அந்த ஈரத்தில், நாலு நாளாகியும் அந்த மணிகள் முளைக்கவே இல்லை. அவள் நெஞ்சில் ஒரு குளிர்ச்சி இறங்கியது. அது சந்தோஷம்தான், வேறு பெயர் சொல்லி மழுப்ப வேண்டியதில்லை. முடிச்சை அவிழ்த்து, அதையும் காயவைத்து மற்றதோடு கொட்டினாள்.

பத்தாம் நாள் கங்காணி வந்து அளந்தார். மூன்று மரக்கால், தலைவழித்து அளந்தும் குறையவில்லை. ஒரு சிட்டிகை எடுத்துக் கடித்தார். நறுக்கென்று நொறுங்கியது.

"பரவாயில்லையே. கல்லு மாதிரி காய வச்சிருக்க" என்றவர், மனம் குளிர்ந்து, வாசலில் நின்ற வடிவின் கையில் ஒரு பிடி அள்ளி வைத்தார்.

வடிவு வாயில் போட்டு மென்றாள். "அம்மா, வறுத்தது மாதிரி இருக்கு" என்றாள்.

சுற்றி நின்ற மற்ற அறைக்காரர்களும் பிள்ளையைப் பார்த்தார்கள். கங்காணி கடகடவென்று சிரித்தார். "பசிச்ச வாயிக்கு எல்லாமே வறுத்ததுதான்." மற்றவர்களும் சிரித்தார்கள். பரிமளம் விதையைத் தலைத்துணியில் கட்டி, தன் பிள்ளையைத் தூக்குவது போல் இடுப்பில் ஏந்திக்கொண்டு கங்காணி வீட்டுக்கு நடந்தாள்.

"ஆடியில நீயும் மண்வெட்டியோட வந்துரு" என்றார் கங்காணி போகும்போது.

"வர்றேங்க" என்றாள் கருப்பம்மா.

அவர்கள் போன பிறகு பார்த்தால், வடிவு தன் பங்கு முழுவதையும் தின்றிருக்கவில்லை. ஏழெட்டு மணியை மிச்சம் வைத்து, கூரை இறவாணத்துத் தண்ணீர் சொட்டும் இடத்தில் விரலால் குழி தோண்டிப் புதைத்துக்கொண்டிருந்தாள்.

"நமக்குன்னு தனியா போட்டிருக்கேன்மா. யாருக்கும் பங்கு கெடையாது" என்றாள்.

"சரி" என்றாள் கருப்பம்மா.

வடிவு தினமும் காலையில் எழுந்ததும் போய் அந்த இடத்தில் குந்திப் பார்த்தாள். கருப்பம்மா பெரட்டுக்குப் போகும்போது அதைத் தாண்டித்தான் போனாள். அடுத்த ஆடி கழிந்ததும் பத்து அறையும் அந்தச் சரிவில் முளைக்காத மண்ணை இப்படித்தான் குந்திப் பார்க்கும். அந்தப் பத்தில் ஒன்று தன்னுடையது என்பது வறுத்த அன்றே அவளுக்குத் தெரியும்.