வேலிக்கு அந்தப்பக்கத்துப் புகை

தெற்கு மெம்ஃபிஸ் வாழ் சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: நமது சர்ச்சின் தொழிலாளர் தின விருந்துக்குப் பன்றி விலா வாட்டும் பாக்கியம் இவ்வாண்டு யாருக்கு என்பது சனிக்கிழமை மாலை தீர்மானிக்கப்படும். தீர்ப்பளிப்பவர் சமையல் கமிட்டித் தலைவி எர்னஸ்டீன் அக்கா. அவர் நாக்குக்கு மேல் எங்கள் பேட்டையில் கோர்ட் கிடையாது.

போட்டியில் இருவர். வென்டெலிடம் பளபளக்கும் கரி அடுப்பும், ஒன்றுக்கு இரண்டாக வெப்பமானியும், புகையைப் பற்றிய பிரசங்கமும் உண்டு. அடுத்த வீட்டுக் கிளியோட்டிஸிடம் இருப்பது, எண்ணெய் பீப்பாயை நெடுக்காக வெட்டிக் கீல் வைத்த ஓர் அடுப்பு. வென்டெலின் விலாவைத் தின்றவர்கள் "நல்லா இருக்கு" என்பார்கள். கிளியோட்டிஸின் விலாவைத் தின்றவர்கள் பேசுவதில்லை, வாய் ஒழிவதில்லை. வென்டெலுக்கு வயிறு எரிந்ததில் ஒரு கொட்டகைப் பன்றியை வாட்டியிருக்கலாம்.

சனிக்கிழமை காலையிலிருந்து வென்டெல் வேலியோரம்தான்.

"ஏங்க, அங்க என்ன பாக்குறீங்க?" என்றாள் மனைவி வனீடா.

"புகையைப் பாரு. குபுகுபுன்னு. அது விலாவா, ரயிலா?"

"ரயிலா இருந்தாலும் வாசனை தூக்குது."

தாலி கட்டாத ஊர்தான். ஆனாலும் கட்டியவள் வாயிலிருந்து இதைக் கேட்க எந்தக் கணவனுக்கும் பிடிக்காது. அடுத்த வீட்டு டிவியில் கால்பந்து ஓட, ஜன்னல் வழியே கிளியோட்டிஸின் குறட்டை கேட்டது. வென்டெல் வேலி தாண்டினார். பீப்பாயின் அடியில் இருந்த காற்றுத் துளையை முக்கால்வாசி அடைத்தார். நெருப்பு மூச்சுமுட்டிச் சாகட்டும். அது எவ்வளவு சூட்டில் எரிகிறது என்று அவர் பார்க்கவில்லை. வெப்பமானிகள் இரண்டும் வீட்டில் இருந்தன. திரும்பி வந்தும் மாலைவரை வேலியை விட்டு நகரவில்லை. தன் அடுப்புக்குக் கரி போடவேண்டும் என்ற நினைப்பே இல்லை.

எர்னஸ்டீன் அக்கா வந்து முதலில் வென்டெலின் மூடியைத் திறந்தார். கரி ஆறிக் கிடந்தது. விலாவை விரலால் அழுத்தினார்.

"தம்பி, இது இன்னும் பன்னிதான்."

அடுத்த வீட்டில் கிளியோட்டிஸ் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். "அக்கா, திட்டாதீங்க. மேட்ச் அவசரத்துல கரிய அள்ளிக் கொட்டிட்டுத் தூங்கிட்டேன். எல்லாம் கருகியிருக்கும்."

மூடி திறந்தது. செம்மரக் கட்டைபோல மின்னியது விலா. எர்னஸ்டீன் அக்கா ஒன்றைத் தின்றார். இன்னொன்றை எடுத்தார்.

"எப்பவும் அவசர அவசரமா வாட்டுவியே, இன்னிக்கு எங்கேர்ந்துடா வந்தது இந்தப் பொறுமை?"

கிளியோட்டிஸ் குனிந்து பார்த்தான். "அடில காத்துத் துளைய யாரோ அடைச்சிருக்காங்க. தீ அடங்கி மெதுவா வெந்திருக்கு. நான் தொடலக்கா. ஆண்டவரே வந்து பாத்துக்கிட்டாரு போல."

"ஆமென்" என்றார் அக்கா.

அந்தப் பெருமை தன்னுடையது என்று சொல்ல வென்டெலுக்கு நுனிநாக்குவரை வந்தது. சொன்னால் வேலி தாண்டியதையும் சொல்லவேண்டும். அன்று அவருக்குக் கடவுள்மேலும் பொறாமை வந்தது.

விருந்துக்கு வென்டெல் ஐஸ்கட்டி கொண்டுவந்தால் போதும் என்று கமிட்டி சொல்லிவிட்டது.