ஊருக்கு ஒரே முடிவு

சின்னக்காவலூரில் மொத்தமே ஒரு முடிவுதான் இருந்தது. அம்பாள் டாக்கீஸில் ஓடுகிற படங்களுக்கும், வாடகை நூலகத்து நாவல்களுக்கும், வீடுகளில் நடக்கிற சண்டைகளுக்கும் அந்த ஒன்றைத்தான் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். தகரப் பெட்டிக்குள் போட்டுக் கயிறு கட்டி, மொபெட்டின் பின்னால் ஏற்றி, சிக்கந்தர் என்பவர் கேட்ட இடத்துக்குக் கொண்டுபோவார். பெட்டியைத் திறந்தால் எதிரே இருப்பது முடிந்துவிடும். மறுபடி மூடி எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுவார். பெட்டி வரத் தாமதமானால் டாக்கீஸில் படத்தை நிறுத்தி விளக்கைப் போடுவார்கள். சனம் முறுக்குத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கும். வரவே வராது என்று தெரிந்தால் எழுந்து வீட்டுக்குப் போகும்.

ஒரு தடவை பள்ளத்தில் மொபெட் குலுங்கி, பஸ் ஸ்டாண்டுக்குள்ளேயே பெட்டி திறந்துகொண்டது. அத்தோடு ஏழாம் நம்பர் டவுன் பஸ் முடிந்தது. டிரைவர் இறங்கி, ஸ்டியரிங்கை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, மேற்கே பார்த்து நடந்து போனார். நல்ல முடிவு என்றுதான் ஊரில் பேசிக்கொண்டார்கள்.

பொன்னுரங்கம் ஐஸ் பேக்டரியில் இரவு வேலை பார்ப்பவர். வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. விடிந்து வீட்டுக்கு வந்தால் தூங்க வேண்டியவர், தூங்காமல் கதை எழுதக் கற்றுக்கொண்டிருந்தார். சொல்லித்தர ஆள் கிடையாது. வாடகைப் புத்தகங்களும் காலைக் காட்சியும்தான் பள்ளிக்கூடம். புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் வெள்ளையாக இருக்கும். பெட்டி பக்கத்தில் வந்தால்தான் எழுத்துத் தெரியும். அது வரும் நேரம் பார்த்து அவருக்குக் கண் சொக்கிவிடும். அதனால் ஆரம்பங்களிலும் நடுப்பகுதிகளிலும் அவருக்குக் கை நன்றாகத் தேறியிருந்தது.

கற்றதை வீட்டில்தான் பழகிப் பார்ப்பார். ஒரு ஆளை அறிமுகப்படுத்தும்போது முதலில் காலை மட்டும் காட்ட வேண்டும் என்று சினிமாவில் தெரிந்துகொண்டார். அன்றைக்கு வாசல் திரைக்கு அடியில் காலைத் தெரியவிட்டு வெகுநேரம் நின்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி அம்சவேணி, "வர்றதுன்னா முழுசா வாங்க. காலுக்கு மட்டுமா சோறு போட முடியும்?" என்றாள். இடைவேளை என்பது கதவைத் திறக்கப் போகிற இடத்தில் வர வேண்டும் என்று புரிந்தபோது, சாம்பார் முடிந்து ரசம் ஊற்றப்போகிற சமயம் பார்த்து எழுந்து வெளியே போய்விட்டார். அவள் அந்த ரசத்தை மூடி வைத்துவிட்டுச் சுவரோரம் போனாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் தங்கை கோமளா குடியிருந்தாள். அக்கா தங்கை இரண்டு பேருக்கும் வெகுகாலமாகச் சண்டை. கோமளாவின் பிள்ளைக்குக் காது குத்தியபோது அம்சவேணி ஆரத்தித் தட்டைத் தூக்கிப் பிடித்ததில், எல்லாப் போட்டோவிலும் கோமளாவுக்குப் பாதித் தலைதான் விழுந்திருந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் வேலையெல்லாம் ஒதுங்கியதும், சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தியும் அந்தப் பக்கம் ஒருத்தியுமாக நின்று பேசித் தீர்ப்பார்கள். எந்த இடத்திலும் தொய்வு விழாத சண்டை அது. பொன்னுரங்கமே அதைக் கேட்டு இரண்டொரு நுணுக்கங்களை எடுத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய கதையில் ஒரே ஒரு ஆள்தான். கொட்டுகிற மழையில், இடுப்பில் ஒரு பெரிய பலாப்பழத்தை இடுக்கிக்கொண்டு, ஏழாம் நம்பர் பஸ்ஸுக்காக நிற்கிறான். பஸ் முடிந்துபோன சேதி தெரியாமல் பொன்னுரங்கம் அவனை அங்கே நிற்க வைத்துவிட்டார். காலையில் தாளை எடுத்தால் தாள் ஈரமாக இருக்கும். கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்துத்தான் படிக்க வேண்டும். அவன் குறை எதுவும் சொல்வதில்லை. பழத்தை வலது இடுப்பிலிருந்து இடது இடுப்புக்கு மாற்றிக்கொள்வான், அவ்வளவுதான். அதைப் பார்க்கப் பார்க்கப் பொன்னுரங்கத்துக்கு மனசு கேட்கவில்லை. அவனை எப்படியாவது அனுப்பி வைக்க வேண்டும். பஸ் இல்லாத இடத்தில் ஒரு முடிவு வந்தால்தான் அவன் போக முடியும்.

ஒருநாள் படம் போடும் முன்பு டாக்கீஸில் ஸ்லைடு காட்டினார்கள். ஜவுளிக்கடைக்கும் பல்பொடிக்கும் நடுவில், "நாளை முடிவு: ஐஸ் பேக்டரி பொன்னுரங்கம்" என்று வந்தது. இதை விட்டால் அடுத்த முறை வருவது அவருக்கு முடி முழுக்க நரைத்த பிறகுதான்.

மறுநாள் காலையில் சிக்கந்தர் பெட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் இறக்கினார். "ஒரு தடவைதான் அண்ணே தொறக்கலாம். சாயங்கால ஆட்டத்துக்குள்ள வந்து எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொன்னுரங்கம் பெட்டியைப் பார்த்தார். கொடியில் தொங்கிய தாளைப் பார்த்தார். சுவரையும் பார்த்தார். கதை எழுதுகிறேன் என்று இத்தனை நாள் ரசத்தை ஆறவிட்டது ஞாபகம் வந்தது.

"அம்சா, இதை உன் சண்டைக்கு வச்சுக்க."

அம்சவேணி அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. "அப்ப உங்க மழைக்காரரு?"

"நிக்கட்டும்."

"பலாப்பழத்தோடயா? ஏங்க, கை என்னத்துக்கு ஆகும்?"

சுவருக்கு மேலே கோமளாவின் பாதித் தலை தெரிந்தது. "அவளை என்ன கேக்குறீங்க மச்சான்? என் மூஞ்சியவே மறைச்சவ அவ!"

"தட்டைத் தூக்குனா மறைக்கத்தான்டி செய்யும். உன்னையக் குட்டையாப் பொறக்கச் சொன்னது யாரு?"

"பாத்துக்கிட்டீங்களா மச்சான்?"

"அதுக்குத்தான் கோமளா, முடிச்சிரலாம்னு சொல்றேன். பெட்டி வந்திருக்கு."

கோமளா வீட்டுக் குக்கர் ஒரு விசில் விட்டது.

அம்சவேணி முறத்தைக் கீழே வைத்தாள். "படம் முடிஞ்சா சனம் என்ன செய்யும்?"

"எந்திரிச்சு வீட்டுக்குப் போகும்."

"நீங்க ராத்திரியில பேக்டரி, பகல்ல கொட்டகை. அவளும் எந்திரிச்சுப் போயிட்டா நான் யாருகூடப் பேசுறது?"

"வாயத் தொறந்து இன்னைக்குத்தான் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கா" என்றது சுவர்மேல் இருந்த பாதித் தலை. "கேட்டுக்கங்க மச்சான்."

சரி என்று அவர் தாளை எடுத்துப் பெட்டிக்கு எதிரே பரப்பினார். கயிற்றின் முடிச்சில் கை வைத்தார். மழைக்காரன் தலையைத் தூக்கிப் பார்த்தான். துண்டை உதறித் தோளில் போட்டு, கிளம்பத் தயாராக நின்றான். அவன் போய்விட்டால் நாளைக் காலையில் இந்தக் கொடியில் காயவைக்க ஒன்றும் இருக்காது என்று பொன்னுரங்கத்துக்குத் தோன்றியது. அவனிடம் சொல்லாமல் முடிச்சை இன்னும் இறுக்கிவிட்டார். அவனும் பழத்தை இடுப்பு மாற்றிக்கொண்டான். அன்றைக்குப் பொன்னுரங்கம் ரசம் வரைக்கும் உட்கார்ந்து சாப்பிட்டார். மோர் வந்தபோதும் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் சிக்கந்தர் வந்தார். "தொறக்கவே இல்லையா? இந்தப் பெட்டிக்கு ஒருநாள் ஓய்வு கெடைச்சு நான் பாத்ததில்ல அண்ணே" என்றபடி தூக்கப் போனவர், பாதியில் கீழே வைத்தார். காதை ஒட்டவைத்துக் கேட்டார். பிறகு கயிற்றைத் தளர்த்தாமல் மூடிக்கு அடியில் விரல்களை விட்டுத் துழாவி, உள்ளங்கை அளவு ஒன்றை வெளியே எடுத்தார். கதகதப்பாக இருந்தது. கண் இன்னும் திறக்கவில்லை.

"குட்டி போட்டிருக்கு. பால் இருக்காம்மா?"

அம்சவேணி அடுப்பைப் பற்றவைத்தாள்.

"பச்சப்பிள்ளைக்குக் கொதிக்கக் கொதிக்கவா குடுப்ப?" என்று சுவர் கேட்டது.

"பிள்ளை வளக்கத் தெரிஞ்சவ வந்துட்டா."

"இதோட தாய் சாயங்கால ஆட்டத்துக்குப் போகணும், நேரமாச்சு" என்றார் சிக்கந்தர். "இது இங்கயே இருக்கட்டும் அண்ணே. வளந்து பெரிசாகுற வரைக்கும் சின்னச் சின்னதைத்தான் முடிக்கும்." பெட்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

பால் குடித்த முடிவுக்குட்டியைப் பொன்னுரங்கம் ஏந்திக் கதைத் தாளின் மேல் விட்டார். அது இரண்டு வரிகளை முகர்ந்து பார்த்துச் சுருண்டு படுத்தது. கதையில் மழை நின்றது. மற்றதெல்லாம் அதன் சக்திக்கு மீறியது. மழைக்காரன் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, பழத்தைத் தரையில் இறக்கி வைத்து, வேட்டியைப் பிழிய ஆரம்பித்தான்.

மறுநாள் விடிந்து அவர் வீட்டுக்கு வந்தபோது தெருமுனையிலேயே வாசம் அடித்தது. அவன் பழத்தை அறுத்துவிட்டிருந்தான். அம்சவேணி விரலில் எண்ணெய் தடவிக்கொண்டு தாளிலிருந்து சுளைகளை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு மேலே ஒரு கை நீண்டது. பெரிய சுளைகளாகப் பார்த்து அதில் வைத்தாள்.

"கொட்டையத் திருப்பிக் குடுத்துரு, குழம்புக்கு வேணும்" என்றாள்.