உதட்டுக்கு முந்திய குரல்

அக்காவின் குரல் அவள் உதட்டைவிட இரண்டு ஃப்ரேம் முந்தி வருகிறது என்பதை, ஒரு செவ்வாய்க்கிழமை அவள் துணி உலர்த்திக்கொண்டே பால்காரரைத் திட்டியபோது, அவளுடைய தம்பி கண்டுபிடித்தார். இரண்டு ஃப்ரேம் என்பது கண் சிமிட்டும் நேரத்தில் பாதிகூட இல்லை. வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் தம்பி கல்யாண வீடியோ எடிட்டர். டயர் கடைக்கு மேல்மாடி வீட்டில், ஜன்னலைப் போர்வையால் மூடிய பின்னறையில் உட்கார்ந்து, கேமராவில் வந்த படத்தையும் தனி ரெக்கார்டரில் பதிந்து வந்த ஒலியையும் ஒன்றோடொன்று பொருத்துவதுதான் அவர் பிழைப்பு. கேமராவுக்குள்ளும் ஒரு மட்டமான மைக் உண்டு. அது பிடித்த கரகரப்பையும் ரெக்கார்டரின் நல்ல ஒலியையும் சாஃப்ட்வேர் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேடுபள்ளம் எங்கே ஒத்துப்போகிறதோ அங்கே பட்டென்று ஒட்டிவிடும். ஒலி கொஞ்சம் பிந்தினால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், முந்தினால் பொறுக்கவே மாட்டார்கள் என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். மின்னலுக்கு முன்னால் இடி வந்து யார் பார்த்திருக்கிறார்கள்?

அப்பா அம்மா போன பிறகு அவரை வளர்த்து ஆளாக்கியவள் அந்த அக்காதான். கல்யாணமே செய்துகொள்ளவில்லை, தம்பிக்குச் செய்துவைத்து, அவர் வீட்டிலேயே இருந்துகொண்டாள். அவளுக்கு அவர்மேல் ஒரே ஒரு குறைதான். மனுஷன் ஒருநாளும் கூப்பிட்டதும் சாப்பிட வந்தவரில்லை. மூன்று தடவை கூப்பிடுவாள், நாலாவது தடவை டயர் கடைக்காரருக்கும் கேட்கிற மாதிரி ஏசுவாள். அதற்கும் அசையாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர் மாப்பிள்ளைகளின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.

குரல் முந்தியது முதலில் ஊருக்கு லாபமாகத்தான் இருந்தது. அக்கா பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். இரண்டு ஃப்ரேம் நாளுக்கு நாள் வளர்ந்து குரல் அரைமணி நேரம் முந்தியபோது, எந்த பஸ் எந்த மேடைக்கு வரும், எவ்வளவு தாமதம் என்பதெல்லாம் அரைமணிக்கு முன்பே ஒலிபெருக்கியில் சுத்தமாக வந்துவிட்டது. பயணிகள் நிதானமாகக் கழிப்பறைக்குப் போய்வந்தார்கள். குரல் ஒரு நாள் முந்தியதும் வினை ஆரம்பித்தது. நாளைய பஸ்ஸுக்கு இன்றைக்கே மூட்டை முடிச்சோடு வந்து நின்று டிரைவர்களோடு மல்லுக்கட்டினார்கள். நிலைய அதிகாரி நல்ல மனிதர். அக்காவைக் கூப்பிட்டு, “யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னேங்கிறது சரிதாம்மா. ஆனா யானை நாளைக்கு வரப்போகுதுன்னா, இன்னைக்கே மணியடிச்சு என்ன பண்றது?” என்று கேட்டு, தொலைந்த பொருள் காப்பறைக்கு மாற்றினார். அங்கேயும் இதே கதைதான். பிடி உடைந்த கறுப்புக் குடை ஒன்று வந்திருப்பதாக அவள் குரல் சொன்னபோது, அந்தக் குடைக்குச் சொந்தக்காரர் அதைக் கையில் வைத்துக்கொண்டே எதிரில் நின்றிருந்தார். ஒரு வாரம் அதை மார்போடு அணைத்துக்கொண்டு திரிந்தார். எட்டாம் நாள் சில்லறை எடுக்கும்போது டிக்கெட் கவுண்டரிலேயே வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அக்காவை விருப்ப ஓய்வில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டை கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று சொல்லி மாத்திரை எழுதினார். எடிட்டர் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். அக்காவைக் கேமரா முன்னால் உட்காரவைத்துக் கைதட்டச் சொன்னார். கை சேர்ந்த இடத்திலேயே சத்தமும் வந்தது, இம்மி பிசகவில்லை. குரல் மட்டும்தான் கட்டுக்கடங்கவில்லை. அவள் சேலையில் ஒரு குட்டிக் காலர் மைக்கைக் குத்தி நாள் முழுக்கப் பதிந்தார். உதடு அசையும்போதெல்லாம் கேமராவில் பிடித்தார். இரண்டையும் சாஃப்ட்வேரிடம் கொடுத்தால், பொருத்தம் கிடைக்கவில்லை என்று கைவிரித்தது. அது பாவம் என்ன செய்யும்? உதடு அசைகிற நேரத்தில் கேமராவின் மைக்கில் சத்தமே இல்லை, எதை வைத்து ஒப்பிடும்? அவர் உதடு உதடாகப் பார்த்துக் கையாலேயே ஒட்டினார். ஒட்ட ஒட்ட இடைவெளி வளர்ந்தது. தனித்தனியாக ஓடுகிற இரண்டு மெஷினில் இது சகஜம்தான். உள்ளே ஓடுகிற ரெண்டு கடிகாரமும் தன்தன் கணக்கில் சரி, சேர்த்துப் பார்த்தால்தான் விலகல். அதை அவர் ஊரார் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் சரி செய்து கொடுத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழனிப்பானையில் விழுந்த கதையாகிவிட்டது.

வீடு பழகிக்கொண்டது. பழகாமல் எங்கே போவது? வாயை மூடிக்கொண்டு காய் நறுக்கிக்கொண்டிருக்கும் அக்காவின் கழுத்திலிருந்து, மாதக்கணக்கில் கழித்துப் பேசப்போகிற பேச்சு வந்துகொண்டிருக்கும். பேச்சுக்கு உரிய நாள் வரும்போது உதடு மட்டும் அசையும். என்ன பேசுவாள் என்று அவளுக்கும் முன்கூட்டித் தெரியாது. “எனக்கும் உங்களோட சேர்ந்துதான்டா தெரியுது” என்றாள். அந்தக் கேள்வியை அவர் கேட்பதற்கு இரண்டு மாதம் முன்பே அந்தப் பதில் வந்து கிடந்தது. ஒருநாள் அவள் குரல், “என்னம்மா இது, உப்பே இல்லையே!” என்றது. எடிட்டரின் மனைவி சுருக்கென்று கோபம் வந்து, அந்தப் பேச்சுக்கு உரிய வாரம் முழுக்க இரண்டு தடவை ருசி பார்த்துப் பார்த்துச் சமைத்தாள். அந்த வாரம் பார்த்து அக்காவுக்கு ஜலதோஷம், நாக்கு செத்துக் கிடந்தது. தட்டில் ஒரு வாய் அள்ளினாள், உதடு அசைந்தது. “சொல்லிட்டாங்கய்யா அண்ணி!” என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். மூன்று பேரும் சிரித்தார்கள். அக்கா சிரித்த சத்தம் அவர்களுக்கு ஏற்கெனவே வந்து போயிருந்தது.

பிறகு ஒருநாள் குரல் நின்றது. வீடு அமைதியாக இருக்கிறதே என்று மனைவிக்கு முதலில் நிம்மதியாகக்கூட இருந்தது. எடிட்டர்தான் காலர் மைக்கின் பதிவைத் திரையில் விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோடு தட்டையாகப் போய்க்கொண்டிருந்தது.

“பேச்சு நின்னா ஆளே நின்னுடுவாங்களா? ஊமையா எத்தன பேரு நூறு வயசு இருக்காங்க. சும்மா மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க” என்றாள் மனைவி.

அவர் ஹெட்போனை அவள் காதில் வைத்தார். கடைசியில் இருந்தது ஒரே ஒரு வாக்கியம்: “போதும்டா, போய் சாப்பிடு.” அதற்குப் பின் மூச்சு. மூச்சின் சத்தமும் குரலோடு சேர்ந்தே முந்திப்போயிருந்தது. நாலைந்து மூச்சு, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே வரவர நீளமான இடைவெளி. பிறகு மைக்கின் இரைச்சல் மட்டும். மனைவி ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கூடத்தில் அக்கா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள், சத்தமில்லாமல் மூச்சு விட்டுக்கொண்டு.

குரல் அப்போது ஏழு மாதம் முந்தியிருந்தது. உதட்டுக்கும் உடம்புக்கும் அவ்வளவு காலம் பாக்கி. அந்தக் காலத்தில் அவள் பேசப்போகிற அத்தனையும் அவர் கம்ப்யூட்டரில் இருந்தது. எல்லாவற்றையும் கேட்டார். “அந்தச் சிவப்புத் துண்டு எங்க?” என்று இருந்தது. “எனக்குத் தெரியும்டா, நீ மூஞ்சிய அப்படி வெச்சுக்காத” என்று இருந்தது. “அழாத” என்று இருந்தது, கொஞ்சம் தள்ளி மறுபடியும் “அழாத” என்று. போகப்போக வார்த்தைகள் குறைந்து, வெறும் முனகல். படத்தை வெட்டலாம், இழுக்கலாம், நிறுத்திக்கூட வைக்கலாம். நேரில் இருக்கிறவளை என்ன செய்வது?

கடைசியில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. சாப்பிடப் போகச் சொல்லத்தானே போகிறாள்? சொல்ல இடமே கொடுக்காவிட்டால்? பிறந்ததிலிருந்து ஒருநாளும் முதல் அழைப்பில் எழுந்திராத மனுஷன், அன்றிலிருந்து அடுப்பு பற்றவைக்கும்போதே தட்டைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பசித்தாலும் சாப்பிட்டார், பசிக்காவிட்டாலும் சாப்பிட்டார். அக்காவின் கண்ணில் படுகிற மாதிரி உட்கார்ந்து, கடைசிப் பருக்கைவரை வழித்துச் சாப்பிட்டு, வெறும் தட்டை அவளிடம் காட்டிவிட்டுப் போனார். இடுப்புப் பட்டைக்குப் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. “மாசமா இருக்கீங்களா?” என்று டயர் கடைக்காரர் கேலி செய்தார். அக்கா ஒருநாள் அவரை உற்றுப் பார்த்து உதட்டை அசைத்தாள். எந்த வாக்கியம் என்பது அவருக்குத் தெரியும். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஏழாம் மாதக் கடைசியில் அக்கா படுத்துவிட்டாள். டாக்டர் வந்து, வயசு இல்லை, நோயும் பிடிபடவில்லை, ஆனால் ஓய்ந்துகொண்டு வருகிறது என்றார். இரண்டு தடவை அவள் உதடு அழாதே என்றது, அவர் இரண்டு தடவையும் அழுதுகொண்டுதான் இருந்தார். அதன் பிறகு கம்ப்யூட்டரையும் கேமராவையும் அணைத்து வயரைக்கூடப் பிடுங்கிவிட்டு, அவள் கட்டிலை விட்டு நகராமல் இருந்தார். ஒரு நாள் விடிந்தபோது அவள் பாதம் ஜில்லென்றிருந்தது. சூடு வரட்டும் என்று உள்ளங்காலைத் தேய்க்க ஆரம்பித்தார். ஒரு கால் சூடாவதற்குள் மற்றது ஆறியது. மனைவி வந்து கூப்பிட்டது காதில் விழவில்லை. மறுபடி வந்து கூப்பிட்டாள், அதுவும் விழவில்லை. வெயில் ஏறி, ஜன்னலைத் தாண்டி, சாயவும் தொடங்கிவிட்டது. தட்டு மூடியபடியே இருந்தது. ஏழு மாதத்தில் அன்றைக்கு ஒருநாள்தான் அவர் சாப்பாட்டை மறந்தார்.

அக்கா கண்ணைத் திறந்து முதலில் தட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். உதடு அசைந்தது.

அவருக்குச் சாஃப்ட்வேர் தேவைப்படவில்லை. “ஐயோ அக்கா, இதோ சாப்பிட்டுட்டேன், இதோ பாரு!” என்று தட்டைத் திறந்து வாயில் அள்ளிப் போட்டார். அவள் நாலைந்து தடவை சத்தமில்லாமல் மூச்சு விட்டாள். ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் கழித்து வரும் என்பது அவருக்கு மனப்பாடமாக இருந்தது, ஆகவே கடைசி மூச்சுக்குப் பிறகு அவர் காத்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பின் அவர் கம்ப்யூட்டரைப் போட்டு அக்காவின் பதிவுகளை எடுத்தார். இரண்டு மெஷினின் விலகலைச் சரி செய்ய ஆரம்பத்தில் ஒரு இடம் பொருந்தினால் போதாது. முடிவிலும் ஒரு இடம் வேண்டும். இத்தனை நாள் அது இல்லாமல்தான் தவித்தார். மறுமுனைக்கு இப்போது அந்தக் கட்டிலோரத்து உதட்டசைவு, கேமராவில் இல்லாவிட்டாலும், நாளும் நேரமுமாக அவர் கண்ணில் இருந்தது. குரலை அதுவரை இழுத்துவிட்டார். உப்பிலிருந்து துண்டு வரைக்கும், துண்டிலிருந்து அழாதே வரைக்கும், ஒரு ஃப்ரேம் பிசகாமல் எல்லாம் உதட்டில் போய் உட்கார்ந்தன. திரையில் அக்கா எல்லாரையும் போலப் பேசிக்கொண்டிருந்தாள்.

கூடத்திலிருந்து மனைவி, “ஏங்க, சாப்பாடு” என்றாள். ஒரு தடவைதான் கூப்பிட்டாள். அவர் எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் வாயில் உப்பே தெரியவில்லை. அதைச் சொல்லாமல் சாப்பிட்டு முடித்தார்.