காருக்கு அது வெளிநாடு

1

இந்தக் கதை மலாவியின் தலைநகர் லிலோங்வேயில் ஒரு காப்பீட்டு அலுவலக வரிசையில் எனக்குக் கிடைத்தது. கதைகள் எனக்கு முகமாக வருவதில்லை, பேச்சாகத்தான் வரும். எனக்கு முன்னால் நின்ற பெண் கவுண்டரில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் சாம்பியாக்காரி. எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். என் ஊருக்குப் போக எனக்கு எதுக்கு வெளிநாட்டு அட்டை?"

"நீங்க ஊருக்குத்தாம்மா போறீங்க. உங்க கார் வெளிநாடு போகுது. நம்பர் பிளேட்டப் பாருங்க, அது மலாவிக்காரி."

"வருஷத்துல ரெண்டு மூணு தடவ போறவ நான்."

"ஒரே தடவ போனவங்களும் இடிச்சிருக்காங்கம்மா. மலாவிக்குள்ள இடிச்சா நாங்க குடுப்போம். எல்லை தாண்டிப் போய் இடிச்சா, இந்த மஞ்சள் அட்டை இருந்தாத்தான்."

அவள் அட்டை வாங்கினாளா என்று நான் பார்க்கவில்லை. இந்தக் கதையில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

2

அவளுக்கு எஸ்னாத் என்று பெயர் வைத்து முதலில் எழுதிய தொடக்கம்: "எஸ்னாத் வண்டியை எடுத்தபோது வானம் தன்—"

வேண்டாம். வானம் பேசி நான் கேட்டதில்லை.

அடுத்தது: "லிலோங்வேயில் பதினோரு வருஷமாகப் பௌதிகம் கற்பிக்கும் எஸ்னாத், அக்கா மகளுக்குக் கல்யாணத்துக்கு முன் பெண்கள் கூடி வைக்கும் சமையலறை விருந்துக்காகச் சாம்பியாவிலுள்ள சிபாட்டாவுக்குப் புறப்பட்டாள். பின் இருக்கையில் பெரிய பானையும், களி கிண்டும் கட்டைகளும், பூப்போட்ட இடுப்புத் துணிகளும் இருந்தன." இது இருக்கட்டும். பண்டம் இருந்தால் கதை தானாக நகரும்.

(எல்லையில் அட்டை கேட்க மாட்டார்களா என்பீர்கள். கேட்பார்கள். அன்று கேட்கவில்லை, ஏனென்றால் கதைக்கு அது வேண்டியிருந்தது. அந்தச் சாவடியின் பெயரை நான் சொல்லாததும் இதனால்தான்.)

தாண்டி ஆறேழு மைல் போயிருப்பாள். சோளக்கொல்லைகளுக்கு நடுவே ஒரு வளைவு. தக்காளிக் கூடைகளோடு ஒரு சைக்கிள்.

3

சைக்கிள்காரரை முதலில் சாம்பியாக்காரராகத்தான் எழுதினேன். அவர் சாலையோரத்தில் கிடந்தார், முனகினார், அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்றார். பிறகு அவரை மலாவிக்காரராக்கி, லாஸ்டன் என்று பெயர் வைத்தேன். வாயைத் திறந்தவர் மூடவில்லை.

"அசையாதீங்கண்ணே. கால் எந்தப் பக்கம் வலிக்குது?"

"எந்தப் பக்கம் திரும்பியிருக்கோ அந்தப் பக்கம். மொதல்ல தக்காளியப் பாருங்கம்மா."

"தக்காளி கிடக்கட்டும்."

"உங்களுக்குக் கிடக்கும்."

எஸ்னாத் களிக்கட்டைகள் இரண்டைக் காலின் இரு பக்கமும் வைத்து, அக்கா மகளுக்கு வாங்கிய துணியால் கட்டினாள். லாஸ்டன் பல்லைக் கடித்துக்கொண்டு காரின் முன்பக்கத்தைப் பார்த்தார்.

"லிலோங்வே வண்டியா? நம்மூர் வண்டில அடிபடவா இவ்வளவு தூரம் மிதிச்சு வந்தேன்?"

"நான் இந்த ஊர்க்காரிதாண்ணே."

"அப்ப நீங்க வீட்ல இருக்கீங்க. நானும் வண்டியும்தான் வெளியூரு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. (இந்த இடத்தில் சிரிப்பாளா என்று நெடுநேரம் யோசித்தேன். சிரித்த பிறகு யோசித்து என்ன பயன்.)

"இன்சூரன்சு இருக்குல்ல?" என்றார் லாஸ்டன்.

"இருக்கு. அந்தப் பக்கத்துக்கு."

"இந்தப் பக்கத்துக்கு?"

எஸ்னாத் சாலையைப் பார்த்தாள்.

4

இங்கே ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். அதில் எஸ்னாத் அழுதாள். அழுகையால் யாருடைய காலும் நேராகவில்லை. கிழித்த பிறகுதான் லாஸ்டன் சொன்னது சரியாகக் கேட்டது.

"எம் மச்சானை லாரி அடிச்சுது. இன்சூரன்சு கம்பெனிதான் செலவு பண்ணி கால்ல கம்பி வெச்சுது. இப்ப என்னைவிட வேகமா மிதிக்கிறான்."

"உங்களை நான் பாத்துக்கிறேண்ணே. என் சம்பளம் இருக்கு."

"நீங்க நல்லவங்கதான். இன்னைக்குப் பாப்பீங்க. இந்தக் கால் மாசக்கணக்குல கேக்குமே."

"வேற என்ன செய்யச் சொல்றீங்க?"

"என்னையும் சைக்கிளையும் வண்டில ஏத்துங்க. வந்த வழியே எல்லையத் தாண்டிப் போயி, நம்ம ரோட்டோரமா இறக்கி வைங்க. அங்க இடிச்சீங்க. முடிஞ்சுது."

"அது பொய்ண்ணே."

"நீங்க இடிச்சது பொய்யா? காலு பொய்யா?"

"இடம் பொய்."

"இடம் என்னம்மா பெரிய இடம். ரெண்டு பக்கமும் ஒரே சோளம்."

"மாட்டினா என் வேலை அனுமதிய ரத்து பண்ணி என்னை அனுப்பிடுவாங்க."

"எங்க அனுப்புவாங்க?"

"இங்கதான்."

"சொந்த ஊருக்கு அனுப்புறது ஒரு தண்டனையா?" என்ற லாஸ்டன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு மிதிக்கக் காலு இருந்தாத்தான் வீட்ல அடுப்பு எரியும், அம்மா. அதான்."

எஸ்னாத் அவரைத் தூக்கி உட்காரவைத்தாள். சைக்கிளை மேலே கட்டினாள். நேரே போனால் சிபாட்டா, ஆஸ்பத்திரி, விருந்து. அவள் வண்டியைத் திருப்பினாள். ஒத்துக்கொண்டாள் என்று நான் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள்.

5

என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன.

முதலாவதில் அவள் பாதி வழியில் மனம் மாறிச் சிபாட்டா ஆஸ்பத்திரிக்கே போகிறாள், தன் கையிலிருந்து எல்லாவற்றையும் கட்டி அவரை நடக்க வைக்கிறாள். படித்துப் பார்த்தேன். எஸ்னாத் மிக அழகாக இருந்தாள். லாஸ்டனின் குரல் மட்டும் அதில் கேட்கவே இல்லை.

இரண்டாவதில் பொய் பலித்து, கம்பெனி கொடுத்து, எல்லோரும் களி தின்கிறார்கள். எழுதும்போது எனக்கே இனித்தது. ஆகவே சந்தேகப்பட்டேன். பொய் சொன்ன அன்றிலிருந்து எஸ்னாத் வகுப்பில் எப்படிப் பேசுவாள்— (இதை முடிக்கத் தெரியவில்லை.)

ஆகவே இருப்பதை மட்டும் தருகிறேன். சாவடியில் வண்டி நிற்கிறது. பின் இருக்கையில் லாஸ்டன், இடுப்புவரை துணி போர்த்தி, நெற்றியெல்லாம் வியர்வையோடு சிரித்துக்கொண்டிருக்கிறார். அதிகாரி குனிந்து பார்க்கிறார்.

"காலைல போனீங்க. அதுக்குள்ள திரும்பிட்டீங்களே, டீச்சர்?"

"ஆமா."

"இவரு?"

"தக்காளி விக்கிறவன் ஐயா," என்கிறார் லாஸ்டன். "களைப்பா இருக்கு, ஏத்திக்கிட்டாங்க."

அதிகாரி நிமிர்ந்து வண்டியின் மேலே பார்க்கிறார். முன் சக்கரம் அப்பளமாய் மடங்கியிருக்கிறது.

"சைக்கிளுக்கு என்னாச்சு?"

லாஸ்டன் பதில் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லாத பதிலா? ஆனால் அவர் எஸ்னாத்தைத்தான் பார்த்தார். "வண்டி அம்மாவோடது, ஐயா. அவங்களே சொல்லுவாங்க."

எஸ்னாத் கண்ணாடியை முழுதாக இறக்கினாள். வாயைத் திறந்தாள். நான் எத்தனை முறை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாலும் லாரிகளின் உறுமல்தான் கேட்கிறது. உங்களுக்கு ஏதாவது கேட்டால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரமாக. கால் வீங்கிக்கொண்டிருக்கிறது.